கழுத்தில் ஒரு விசில்

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் 'உள்ளேன் ஐயா' வாத்தியார் காதில் விழாது. முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வராதவளாகப் பலமுறை ஆகியிருக்கிறேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடப்பேன். இது அடக்கம் இல்லை, கூச்சம். பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஊரில் எனக்கு நல்ல பெயர்.

அப்படிப்பட்ட என் கழுத்தில்தான் ஒரு விசிலை மாட்டினார்கள்.

எங்கள் பட்டாசு ஆபீஸ் திருத்தங்கலைத் தாண்டி, வேலிக்கருவேல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நிறைய இடம் விட்டுக் கட்டியிருப்பார்கள். ஓர் அறை வெடித்துப் போனால் அடுத்த அறை நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த இடைவெளியைத் தினமும் நடந்து கடக்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், ஆனால் யாரும் அதை நினைத்துக்கொண்டு நடப்பதில்லை. உள்ளே செருப்பு கூடாது, செல்போன் கூடாது, நைலான் சேலை கூடாது. ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. காலையில் கலவை அறையிலிருந்து கலந்த வெடிமருந்து தட்டில் வரும். அதைக் காகிதக் குழல்களுக்குள் செலுத்துவது எங்கள் வேலை.

எனக்கு எதிரே உட்கார்ந்து மருந்து செலுத்தியவளை நான் மதினி என்பேன். அவளும் என்னை மதினி என்பாள். உறவு ஒன்றும் கிடையாது. அவள் சர்ச்சுக்குப் போகிறவள், நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். கம்பெனி வேனில் யாரோ வேடிக்கையாக அப்படிக் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. நான் பேசாத பேச்சையெல்லாம் அவள் சேர்த்துப் பேசிவிடுவாள். என்னைக் கேட்காமலே என் டிபன் பாக்ஸைத் திறந்து கத்தரிக்காயை எடுத்துக்கொள்வாள். புருஷன் இல்லை. ஒரே மகள், நர்சிங் படிப்பில் கடைசி வருஷம். அந்தத் தீபாவளி சீசனில் ஒரு நாள்கூட விடாமல் வேலை பார்த்தால்தான் மகள் பரீட்சைக்கு உட்கார முடியும். இதை அவள் ஒளிக்கவில்லை, வேனில் எல்லாருக்கும் தெரியும். செய்த வேலைக்குத்தான் எங்களுக்குக் கூலி. கை நின்றால் கூலியும் நிற்கும்.

அதற்கு முந்தைய வருஷம் வேறொரு ஆபீஸில் சத்தம். விபத்து என்று நாங்கள் சொல்வதில்லை, சத்தம் என்போம். 'அங்கன சத்தமாம்' என்று ஒருத்தி சொன்னால் வேனுக்குள் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். செத்தவர்களில் எங்கள் தெருவிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்ணும் ஒருத்தி. அதன்பிறகு அதிகாரிகள் சோதனை போட வந்தார்கள், பயிற்சி வகுப்பு வைத்தார்கள், எங்கள் ஆபீஸ் சுவரில் புதுப் போர்டு ஒன்று தொங்கியது. ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

எங்கள் மேனேஜர் என் மகனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். படித்தவர். யாரையும் வா, போ என்று பேச மாட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அறை வரிசைக்கு ஒரு பெண்ணிடம் விசில் கொடுப்பது அவருடைய யோசனை. என்னை அழைத்து எதிரே நாற்காலியைக் காட்டினார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உங்களை மாதிரி அமைதியான ஆளுதாம்மா இதுக்குச் சரி. வாயாடி கையில குடுத்தா தொட்டதுக்கெல்லாம் ஊதிக்கிட்டு இருப்பாக," என்றார். "நீங்க எப்ப ஊதுனாலும் வேலை நிக்கும். ஏன்னு நான்கூடக் கேக்க மாட்டேன்."

சிவப்பு பிளாஸ்டிக் விசில். உள்ளே உலோகம் ஆகாது என்பதால் பிளாஸ்டிக். பருத்திக் கயிற்றில் கோத்திருந்தது. நான் அதை வாங்கி மாட்டிக்கொண்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தாலிக்குப் பிறகு என் கழுத்தில் வேறொருவர் கொடுத்து ஏறியது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் வேனில் சிரிப்பு தாங்கவில்லை. "ஏக்கா கண்டக்டரு, டபுள் விசில் குடுங்க, வண்டி கெளம்பட்டும்" என்றாள் ஒருத்தி. படிக்கட்டில் நின்றவள் 'ரைட் ரைட்' என்று வேனின் தகரத்தைத் தட்டினாள். மதினிதான் அதிகம் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறார். வீட்டுக்குள் வந்தாலே மிளகாய் நெடி கூட வரும். விசிலைப் பார்த்துத் தும்மிக்கொண்டே சிரித்தார். ஊதிக் காட்டு என்றார். பக்கத்து வீட்டில் கேட்கும் என்று நான் ஊதவில்லை. பிறகு சாப்பிடும்போது ஒரு கேள்வி கேட்டார்: "நீ ஊதுனா நிக்கும், சரி. நின்னது திரும்ப ஓடணும்னா அதுக்கு யாரு ஊதணும்?"

அதைப் பற்றி மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். வீட்டுக்காரர் மோரை ஊற்றிக்கொண்டார்.

விசில் வந்த பிறகுதான் அந்த அறையை நான் சரியாகப் பார்த்தேன். முன்னாலும் பயம் இருந்தது. ஆனால் அது வெயில் மாதிரி, எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. யாரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஒவ்வொன்றும் என்னைக் கேட்டது. குழலை அழுத்தும் கை கொஞ்சம் வேகமாகப் போனால் ஊத வேண்டுமா? பொறி பறக்காமலிருக்க வாசலில் நனைத்துப் போட்ட சாக்கு காய்ந்துவிட்டால்? எந்தச் சூடு வெயிலின் சூடு, எந்தச் சூடு மருந்தின் சூடு? முன்பு பயத்தோடு தூங்கியிருக்கிறேன். இந்தக் கேள்விகளோடு தூக்கம் வரவில்லை. நான் பக்கத்தில் போனால் மற்ற அறைக்காரிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான் யார் மேலும் எதுவும் சொன்னதில்லை. விசில் தொங்கியது, அது போதுமாக இருந்தது.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது என்பது சட்டம். காலையில் கலந்ததை வெயில் ஏறுவதற்குள் தீர்த்துவிட வேண்டும். ஆனால் சீசனில் அடுத்த தட்டு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க யாருக்கும் மனசு வராது. போர்மேனிடம் நாங்களே கெஞ்சி, ஒரு தட்டு கூடுதலாக வாங்கி அறையின் மூலையில் வைத்துக்கொள்வோம். அதற்கு எங்களுக்குள் 'தொட்டுக்க' என்று பெயர். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது மாதிரி, வேலைக்கு அது. 'அண்ணாச்சி, இன்னைக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்லையா' என்று கேட்டால் போர்மேன் முறைப்பார், பிறகு கொண்டுவருவார். கம்பெனி வைக்கச் சொல்லவில்லை. வைக்காதே என்று நிறுத்தவும் இல்லை. மேனேஜர் அறைக்குள் எட்டிப் பார்க்கும்போது அவர் கண் அந்த மூலைக்கு மட்டும் போகாது.

புரட்டாசியில் ஒரு நாள். காலையில் காற்றோடு ஒரு தூறல் போட்டது. கதவு வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. கொஞ்ச நேரத்தில் தூறல் நின்று சுள்ளென்று வெயில். ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும் என்பது அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும், அது என் ஒருத்தி அறிவு இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூலையிலிருந்து ஒரு வாடை வந்தது. ஈயம் பூசாத பாத்திரத்தில் புளி கொதித்தால் வருமே, அந்த மாதிரி. எழுந்து போய்த் தட்டுக்கு மேலே உள்ளங்கையைக் காட்டினேன். சூடாக இருந்தது. என் கையே சூடாகத்தான் இருந்தது.

"வெயிலு, மதினி," என்றாள் அவள், குனிந்த தலை நிமிராமல். "வந்து உக்காருங்க."

நான் ஊதினேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை வந்த சத்தம் என்னுடையது என்று நம்ப முடியவில்லை.

வரிசை முழுக்க எல்லா அறையிலிருந்தும் வெறுங்காலோடு ஓடிவந்தார்கள். முள்ளை மிதித்தவர்கள்கூட நிற்கவில்லை. கேட்டுப் பக்கம் இருக்கும் வேப்பமரத்தடியில் போய்த்தான் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அறைகள் வெயிலில் அப்படியே இருந்தன.

மேனேஜர் வந்தார். கோபப்படவில்லை. "அக்கா ஊதிட்டாக. எல்லாரும் இங்கனயே இருங்க. உள்ள போலாம்னு அவுக எப்பச் சொல்றாகளோ அப்பப் போங்க. நான் தலையிட மாட்டேன்," என்றார். ஆளை அனுப்பி ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்லி, மரத்தடியில் எனக்காகப் போடவைத்தார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போர்மேன் எங்கள் அறைக்குள் போய் மூலைத் தட்டை எடுத்துவந்து தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார். புகை இல்லை, பொறி இல்லை. 'ஒண்ணுமில்ல' என்று கையை விரித்துக் காட்டினார். கேட்டுக்கு வெளியே லோடுக்காக லாரி நின்றது. டிரைவர் இறங்கிவந்து கம்பி வழியாக எங்களைப் பார்த்தான். வெயில் சாய்ந்துகொண்டே போனது. ஒரு பெண் எழுந்து என் முன்னால் வந்து கையைக் கூப்பினாள்.

"மகராசி, உத்தரவு குடுங்க. எங்க வீட்டுலயும் ஒல வைக்கணும்."

பின்னால் சிரித்தார்கள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அறைத் தட்டைக் கொட்டியாகிவிட்டது. மற்ற அறை மூலைகளிலும் ஒவ்வொரு தட்டு இருந்தது, அவற்றிலும் சாரல் அடித்திருந்தது. "எல்லா ரூம்புலயும் தொட்டுக்க இருக்குல்ல," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கேட்டவர்கள் கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேனேஜரும் கேட்டார் என்றே நினைக்கிறேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினிதான் எழுந்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அறையை நோக்கி நடந்தாள். அவள் நடந்ததும் மற்றவர்களும் எழுந்து போனார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் போர்மேனிடம் தனியாகக் கேட்டேன், தட்டைத் தொட்டபோது சூடு இருந்ததா என்று. இருந்ததோ இல்லையோ, கொட்டியாகிவிட்டது, இனி அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றார். அவர் சொன்னதும் சரிதான். அந்தத் தட்டு வெடித்திருந்தால் நான் ஊதியது சரி என்று ஆகியிருக்கும். வெடிக்காமல் போனதால் நான் ஊரைக் கெடுத்தவள் ஆனேன். நடக்காமல் போன ஒன்றுக்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

அந்த வாரமே விசில் என்னிடமிருந்து போனது. மேனேஜர் பிடுங்கவில்லை. அவர் எதையுமே பிடுங்குகிறவர் இல்லை. பெண்கள்தான் போய்க் கேட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, தனக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை, ஆட்கள் கேட்கிறார்கள், அவர்கள் இஷ்டத்தை மதிக்க வேண்டுமில்லையா என்றார். யாரிடம் கொடுப்பது என்பதையும் எங்களையே பேசி முடிவு செய்யச் சொன்னார். மரத்தடியில் கூடிப் பேசினார்கள். எல்லாரும் சேர்ந்து மதினியைச் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றாள், மற்றவர்கள் விடவில்லை. அவளுக்கு மகள் படிப்பு இருக்கிறது, ஊத மாட்டாள். அவ்வளவுதான் காரணம். யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். அங்கே நின்றபோதுதான் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் எனக்கு விளங்கியது. என் அமைதியை மேனேஜர் மெச்சியது எதற்காக என்றும்.

அதிகாரம் என்றால் அதட்டுவது, அடிப்பது, வேலையை விட்டுத் துரத்துவது என்று நினைத்திருந்தேன். சின்ன வயதில் பார்த்த கணக்குப்பிள்ளைகள் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களை வையலாம், மண்ணை வாரித் தூற்றலாம். இவரை என்ன சொல்லி வைவது? இவர் எதையும் செய் என்று சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எங்கள் இஷ்டத்துக்கு விட்டார். எந்த இஷ்டத்துக்கு எது பறிபோகும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நாங்கள் ஒவ்வொரு நாளும் எங்கள் சம்மதத்தோடுதான் அந்தத் தட்டை மூலையில் வைத்தோம். நாளைக்கு ஒரு சத்தம் கேட்டால், போர்டைக் காட்டலாம், விசிலைக் காட்டலாம், மரத்தடிக் கூட்டத்தைக் காட்டலாம். இவ்வளவு சுதந்திரம் இருந்தும் இவர்கள் வெளியே வரவில்லையே என்று வருத்தப்படவும் செய்யலாம். அந்த வருத்தம் உண்மையாகவும் இருக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் அவர்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் என்னால் முடியவில்லை. எனக்குக் கால் இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது.

தீபாவளி நெருங்கியபோது மறுபடியும் ஒரு தூறல், மறுபடியும் வெயில். அதே மூலை, அதே புளி வாடை. நான் மதினியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கழுத்துக்குப் போனது. விசிலைப் பிடித்தாள், ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டாள். பிறகு அடுத்த குழலை எடுத்தாள்.

நான் எழுந்து வெளியே போனேன்.

யாரும் தடுக்கவில்லை. அறைகளைத் தாண்டும்போது உள்ளிருந்து ஒருத்தி, "என்னக்கா, வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அந்த நாற்காலி இப்போது அங்கே இல்லை. அங்கிருந்து பார்த்தால் எங்கள் அறைக் கதவும், மதினியின் வலது கையும் தெரியும். கை போய்ப் போய் வந்தது. கத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விசில் ஊதியவளையே மகராசி என்று கும்பிட்டவர்கள், கத்துகிறவளைப் பார்க்கவா எழுந்து வருவார்கள்? அன்று நான் ஊதியபோது என் பயம் எல்லாரையும் வெளியே கொண்டுவந்தது. இன்று என் கால் என்னை மட்டும் கொண்டுவந்திருந்தது. என் இஷ்டம் எனக்கு ஒருத்திக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். அது நின்றால் நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அன்றும் ஒன்றும் நடக்கவில்லை. மூலையில் இருந்த தட்டையும் செலுத்தித் தீர்த்துவிட்டார்கள். மதினியின் மகள் அந்த வருஷம் பரீட்சை எழுதினாள், இப்போது மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். நான் அதே அறையில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். தட்டும் அதே மூலையில்தான் இருக்கிறது. ஆக, ஊதியது தப்பு, ஊதாதது சரி. கேட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் மறுத்துச் சொல்ல முடியாது.

நான் வெளியே போய் உட்கார்ந்த அன்று சாயங்காலம் குழாயடியில் எல்லாரும் கைகால் கழுவினோம். அலுமினியப் பொடி ஒட்டிக் கைகள் முழங்கை வரை வெள்ளியாக மின்னும், சோப்புப் போட்டாலும் சுலபத்தில் போகாது. என் கைகளில் மட்டும் பாதிதான் இருந்தது. மதினி பக்கத்தில் வந்து குந்தினாள். கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போனது சரிதான்," என்றாள். "ஆனா என்னையக் கூப்புடாமப் போயிட்டீகளே, மதினி."

"கூப்பிட்டா வந்திருப்பீகளா?"

யோசித்தாள். "வந்திருக்க மாட்டேன்," என்றாள். சோப்பை என் பக்கம் தள்ளினாள். "இருந்தாலும் கூப்பிட்டிருக்கலாம்."

நான் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து விசிலை எடுத்தாள். அதிலும் வெள்ளி ஒட்டியிருந்தது. குழாயில் காட்டிக் கழுவினாள். உள்ளே போன தண்ணீரை வெளியேற்ற வாயில் வைத்து லேசாக ஊதினாள். கீச்சென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். சோப்பு நழுவியது, ஒரு குடம் சாய்ந்தது, குந்தியிருந்தவர்கள் பாதி எழுந்து, ஓடுவதற்குக் காலைத் தூக்கியிருந்தார்கள்.

"தண்ணிக்கா, தண்ணி," என்றாள் மதினி. "ஒண்ணுமில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி குந்திக் கையைத் தேய்க்க ஆரம்பித்தார்கள்.